பேமிட் வயல்: மூத்த மகளுக்கா, இளைய மகனுக்கா?

கேள்வி: படுவான்கரையில் அப்பாவுக்கு அரசாங்கம் பேமிட்டில் (அனுமதிப்பத்திரத்தில்) கொடுத்த வயல் இருக்கிறது. தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்தாளரைப் பதியாமலே 2014 ஆவணியில் அவர் காலமானார். பிறகு அம்மா வயலைச் செய்தார்; அவரும் 2023இல் போய்விட்டார். பிள்ளைகள் இருவரில் மூத்தவள் நான். தம்பி ஒரு பழைய தீர்ப்பின் போட்டோப் பிரதியைக் காட்டி, ஆண்பிள்ளைக்குத்தான் காணி என்கிறான். சட்டம் மாறிவிட்டது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எதை நம்புவது, எங்கே தேடுவது? - வாசகி, மட்டக்களப்பு

பதில்: சகோதரி, தம்பியின் தீர்ப்பு உண்மையானதாகவே இருக்கலாம். அது எந்த ஆண்டில், எந்தச் சட்டவாசகத்தை வைத்து எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் வாரிசு வரிசையைச் சொல்லும் மூன்றாம் அட்டவணையில் மகன்மாருக்குப் பிறகுதான் மகள்மார் வந்தார்கள். பெண்பிள்ளைகளுக்கு அது பெரிய அநியாயம். 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்த ஆண், பெண் வேறுபாட்டை நீக்கியது.

சரி, உங்கள் காணியில் உரிமை இறங்கிய நாள் எது? முழு விஷயமும் இதில்தான் நிற்கிறது. பின்னுரித்தாளரைப் பதியாமல் இறந்தவரின் துணை காணியைப் பொறுப்பேற்றிருந்தால், 72ஆம் பிரிவின்படி அந்தத் துணை இறக்கும்போதுதான் அட்டவணைக்கு வேலை வருகிறது. அதாவது 2023, திருத்தத்துக்குப் பிந்திய ஆண்டு. ஆனால் அப்பா இறந்து ஆறு மாதத்துக்குள் அம்மா காணியில் இறங்கவில்லை என்று தம்பி காட்டினால், கதை 2014க்கு, பழைய வாசகம் இருந்த காலத்துக்குப் போய்விடும். ஆகவே அப்பா இறந்ததும் வந்த மாரிப்போகத்தை அம்மாதான் செய்தார் என்பதற்கு ஆதாரம் தேடுங்கள். கமநல சேவை நிலையத்தின் வயற்காணி இடாப்பு, பசளை மானியப் பதிவு, வயல் வேலைகளை மேற்பார்க்கும் வட்டவிதானையின் சாட்சி எல்லாம் உதவும். பிரதேச செயலகத்திலுள்ள பேமிட் கோப்பின் பிரதியை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். 14 வேலைநாட்களுக்குள் அவர்கள் முடிவைச் சொல்ல வேண்டும்.

திருத்தச் சட்டம் நாடாளுமன்றத்தின் இணையத்தளத்தில் தமிழிலும் இருக்கிறது. கடைசிப் பிரிவுகள் வரை வாசியுங்கள். பழைய உரிமைகளுக்கு என்ன நடக்கும் என்பதை வழக்கமாக அங்கேதான் வைப்பார்கள். தமிழ் வாசகமும் சிங்கள வாசகமும் முரண்பட்டால் சிங்களமே மேலோங்கும், அதனால் முக்கியமான வரிகளை இரண்டிலும் ஒப்பிட்டுப் பார்க்க ஒருவரைப் பிடியுங்கள். நாடாளுமன்ற உரைகளின் பதிவான ஹன்சாட்டில் அமைச்சர் பேசியது நோக்கத்தை விளக்க உதவும், அவ்வளவுதான். சட்டத்தின் சொல்லை அது மாற்றாது.

அப்புறம் அந்தப் போட்டோப் பிரதி. அதிலுள்ள வழக்கு இலக்கத்தைக் குறித்து, வழக்கு நடந்த நீதிமன்றத்தின் பதிவாளரிடம் ஒரு சட்டத்தரணி மூலம் அத்தாட்சிப்படுத்திய பிரதி கேளுங்கள். மேன்முறையீட்டில் தீர்ப்பு மாறியதா என்பதையும் விசாரியுங்கள்.

இதெல்லாம் கைக்கு வரக் காலம் எடுக்கும். அதற்குள் பேமிட் தம்பியின் பெயருக்கு மாறிவிடக் கூடாது. உங்கள் ஆட்சேபனையை இந்த வாரமே பிரதேச செயலாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.