வாசகர் கேள்வி–பதில்: கார்த்திகை மழையும் ஒரு கூடைக் கம்பளி நூலும்

ஐப்பசி பிறந்ததிலிருந்து வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது, சமையலறைக் கேள்விகளைக் காட்டிலும் பின்னல் ஊசியைப் பற்றிய கேள்விகளே கூடுதலாக இருந்தன. மழைக்கு வீட்டில் அடைந்து கிடப்பவர்களும், டிசம்பர் விடுமுறையில் மலை ஏறப்போகிறவர்களும் ஒரே சமயத்தில் கம்பளியை நினைத்துக்கொள்கிறார்கள் போலும். ஆகவே இம்முறை அந்தக் கடிதங்களையே எடுத்துக்கொண்டேன்.

டொராண்டோவில் இருக்கும் என் மகளுக்காக ஒரு ஸ்வெட்டர் பின்னினேன். அவளே கைபேசியில் அனுப்பிய அமெரிக்கக் குறிப்பின்படி 8-ஆம் எண் ஊசியைத்தான் பயன்படுத்தினேன். கண்ணிகளையும் ஒன்று விடாமல் எண்ணினேன். ஆனாலும் சுற்றளவு 100 செ.மீ. வர வேண்டிய இடத்தில் 82 செ.மீ. மட்டுமே வந்திருக்கிறது. எங்கே தவறினேன்?
– தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி

உங்கள் கணக்கில் பிழை இல்லை. பிழை ஊசியின் எண்ணில் இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் வெகுகாலமாக விற்கப்படும் ஊசிகள் பழைய ஆங்கிலேய முறையில் எண் இடப்பட்டவை. அந்த முறையில் எண் ஏற ஏற ஊசி மெலிந்துகொண்டே போகும். அமெரிக்க முறை இதற்கு நேர்மாறானது. அங்கே எண் ஏறினால் ஊசி பருக்கும். நம்முடைய 8-ஆம் எண் ஊசி 4 மி.மீ. தடிமன் கொண்டது, அமெரிக்கர்களின் 8-ஆம் எண் ஊசியோ 5 மி.மீ. தடிமன் கொண்டது. வேடிக்கை என்னவென்றால், 7-ஆம் எண் ஊசி மட்டும் இரு முறைகளிலும் 4.5 மி.மீ. ஆகவே இருக்கிறது. உங்கள் குறிப்பில் 7 என்று இருந்திருந்தால் இந்தக் கடிதமே எனக்கு வந்திருக்காது.

குறிப்பில் 10 செ.மீ. அகலத்துக்கு 18 கண்ணிகள் என்று எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். அப்படியானால் 180 கண்ணிகளுக்கு 100 செ.மீ. கிடைக்கும். மெல்லிய ஊசியால் பின்னியதில் உங்களுக்கு அதே 10 செ.மீ.க்குள் 22 கண்ணிகள் அடங்கிவிட்டன. 180-ஐ அந்தக் கணக்கில் வகுத்தால் 82 செ.மீ. சரியாக வந்துவிடுகிறது. முதுகுப் பகுதி முடிந்த பிறகு தெரியவந்த இந்த உண்மை, தொடங்குமுன் உள்ளங்கை அளவுக்கு ஒரு மாதிரித் துண்டைப் பின்னி, நனைத்துக் காயவைத்து, அளவுகோலால் அளந்திருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும். நூலை வீணாக்குவதாக எண்ணி இந்தத் துண்டைத் தவிர்ப்பவர்கள்தான் பின்னர் ஸ்வெட்டரையே பிரிக்கிறார்கள் என்பதை நாற்பது ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். அவர்களுள் நானும் ஒருத்தி.

பிரித்துவிடுங்கள். பிரித்த நூல் நூடுல்ஸைப் போல வளைந்து வளைந்து நிற்கும்; அதை அப்படியே மீண்டும் பின்னினால் கண்ணிகள் சீராக அமையா. நாற்காலியின் முதுகில் சுற்றி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, அந்தச் சிட்டத்தை (நூல் வளையத்தை) வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பிழியாமல் எடுத்துக் கொடியில் தொங்கவிடுங்கள். நனைந்த நூலின் எடையே அதை நேராக்கிவிடும். இனி எண்ணைப் பார்க்காமல் மில்லிமீட்டரைப் பார்த்து ஊசி வாங்குங்கள்.

நான் பின்னும் மப்ளரின் இரண்டு ஓரங்களும் பாயைப் போலச் சுருண்டுகொள்கின்றன. இஸ்திரி போட்டால் சரியாகுமா?
– சேலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி

சரியாகாது. ஒரு வரிசை நிட் (நேர்க்கண்ணி), மறு வரிசை பர்ல் (மறுபுறக் கண்ணி) என்று பின்னும் துணிக்குச் சுருளுவது இயல்பு. உங்கள் கையில் குறை இல்லை. இரு ஓரங்களிலும் ஐந்தைந்து கண்ணிகளை எல்லா வரிசைகளிலும் நிட்டாகவே போடுங்கள். நூல் அக்ரிலிக் என்றால் இஸ்திரிப் பெட்டியை அருகிலும் கொண்டுபோகாதீர்கள். சூடு பட்ட அக்ரிலிக் தொய்ந்துபோனால் பழைய நிலைக்குத் திரும்பாது.

பேரக்குழந்தை தை மாதத்தில் பிறக்கவிருக்கிறது. என் பிள்ளைகளுக்கு நான் பின்னிய தொப்பி, காலுறை, ஸ்வெட்டர் எல்லாம் அந்துருண்டை போட்டு டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றையே போடலாமா, புதிதாகப் பின்ன வேண்டுமா?
– மதுரையிலிருந்து ஒரு பாட்டி

பழையவற்றைப் போடலாம், ஆனால் அந்துருண்டையின் வாசனை அறவே நீங்கிய பிறகுதான். நீங்கள் பாசத்தோடு கேட்டிருப்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் பிறந்த குழந்தைகளுக்குக் கேடு செய்யக்கூடியது. ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, அந்த உருண்டையோடு வைத்திருந்த துணியை உடுத்துவதாலேயே இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, கடும் மஞ்சள்காமாலை வரக்கூடும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறைபாடு உண்டென்று பார்த்த மாத்திரத்தில் தெரியாது. ஆகவே இப்போதே வெளியே எடுத்து, துவைத்து, பல நாள் காற்றாட விடுங்கள். அதன் பிறகும் மூக்கில் வாசனை ஏறினால் குழந்தைக்குப் போடாதீர்கள்.

கம்பளியை அரிப்பது பறக்கும் அந்துப்பூச்சி அன்று, அதன் புழுதான். வியர்வையும் பால் கறையும் படிந்த துணி அந்தப் புழுவுக்கு இன்னும் விருப்பமானது. எனவே நன்றாகத் துவைத்து உலர்த்தி, காற்றுப் புகாத பையில் கட்டி வைத்து, இடையிடையே வெயில் காட்டுவதே போதுமான காவல். அக்ரிலிக் நூலை அந்தப் புழு உணவாகக் கொள்வதில்லை. அதற்கு உருண்டை போடுவது வீண் செலவு.

துவைப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். கம்பளி இழையின் மேற்பரப்பில் மீன் செதிலைப் போன்ற மிக நுண்ணிய செதில்கள் உள்ளன. சூடான நீரும் சோப்பும் கசக்கலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணி சுருங்கிக் கெட்டிப்பட்டுவிடும். திருமணமான புதிதில் என் கணவரின் ஸ்வெட்டரைக் கொதிநீரில் ஊறவைத்து, அடுத்த வீட்டு ஆறு வயதுப் பையனுக்குப் பொருந்தும்படி செய்துவிட்டேன். என் மாமியார் ஒரு சொல்லும் சொல்லாமல், அதைக் காப்பிப் பாத்திரத்துக்குப் பிடிதுணியாக வெட்டித் தைத்துக்கொண்டார்.

புதிதாகப் பின்னுவதானால் மதுரையின் வானிலைக்குப் பின்னுங்கள்; நம் மனத்தில் உள்ள இமயமலைக்குப் பின்ன வேண்டியதில்லை. தை மாத மதுரையில் மெல்லிய பருத்தி நூலில் பின்னிய முன்பக்கம் திறக்கும் சட்டை ஒன்றிரண்டு போதும். உள்புறம் தொங்கும் நூல் நுனிகளை மறக்காமல் செருகித் தைத்துவிடுங்கள். அவை காலுறைக்குள் பிஞ்சு விரலைச் சுற்றிக்கொண்டு இறுக்குவது உண்டு. கழுத்தில் கட்டும் நாடா வேண்டவே வேண்டாம். உறங்கும்போது தொப்பியைக் கழற்றிவிட வேண்டும்.

‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்பார்கள். குளிர் மிகுந்த மாதம் மார்கழிதானே? பழமொழி ஏன் தையையும் மாசியையும் சொல்கிறது?
– பொள்ளாச்சியிலிருந்து ஓர் ஆசிரியர்

பழமொழி குளிரைச் சொல்லவில்லை, பனியைச் சொல்கிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைக் கொண்டுவரும் வடகிழக்குப் பருவமழை, மார்கழியிலும் அவ்வப்போது மேகத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் தை பிறக்கும் தறுவாயில்தான் அது முற்றிலும் விலகும். மேகம் இருக்கும் இரவில், பகலெல்லாம் சூடேறிய தரை வெளிவிடும் வெப்பத்தின் ஒரு பகுதியை அந்த மேகம் திருப்பி அனுப்பிவிடும். ஊருக்கே ஒரு கம்பளியைப் போர்த்தியதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தையில் அந்தக் கம்பளி உருவப்படுகிறது. வானம் தெளிவாக இருக்கிறது, காற்று அடங்கியிருக்கிறது, மண்ணிலோ பருவமழையின் ஈரம் மிச்சமிருக்கிறது. புல்லும் ஓடும் தகரமும் விடியற்காலைக்குள் குளிர்ந்துவிட, அவற்றைத் தொடும் காற்றில் உள்ள ஈரம் நீராக மாறி அவற்றின்மீதே படிகிறது. ‘பனி பெய்கிறது’ என்று சொன்னாலும், மேலிருந்து எதுவும் பெய்வதில்லை. மச்சைத் துளைப்பது கவிஞர் கற்பனைதான் என்றாலும், மாதத்தைச் சரியாகவே கணித்திருக்கிறார்கள்.

டிசம்பர் கடைசியில் மூன்று நாள் ஊட்டிக்குப் போகத் திட்டம். எழுபது வயதான என் தாயாரும் வருகிறார். மலை ரயிலில் போக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. குளிர் தாங்குமா?
– சென்னையிலிருந்து ஒரு வாசகர்

தாங்கும், தங்குமிடத்தைச் சிந்தித்துத் தேர்ந்தெடுத்தால். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் 1,850 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. அதன்படி குன்னூர் இரண்டரை டிகிரியாவது இதமாக இருக்கும். பகலில் ஊட்டியைச் சுற்றிவிட்டு இரவில் குன்னூருக்கு இறங்கிவிடுவதையே முதியவர்களோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது வழக்கம். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியின் பள்ளமான இடங்களில் உறைபனி விழும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் வழிந்து தாழ்வான புல்வெளியில் தேங்குகிறது. அதனால்தான் தலைகுந்தா, காந்தல் போன்ற இடங்கள் விடியற்காலையில் வெள்ளை விரித்தாற்போல் இருக்கின்றன. அதைக் காண நீங்கள் மட்டும் போய்வாருங்கள். தாயார் போர்வைக்குள் இருக்கட்டும்.

சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம்; அங்கே மலை ரயில் காத்திருக்கும். கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் பதித்திருக்கிறார்கள். இன்ஜினின் பற்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. 12 அடிக்கு ஓர் அடி உயரும் சரிவு அது. 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் ஊட்டி வரையிலும் இந்தப் பாதை திறக்கப்பட்டது. 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. 46 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் என்பது முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நெடுநேரம். குன்னூரோடு இறங்கிக்கொண்டால் மிக அழகிய பகுதியைப் பார்த்ததாகவும் ஆகிவிடும். ஆனால் ஒன்று: வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து இந்தப் பாதை அடிக்கடி மூடப்படும். புறப்படும் முன் தினமும் செய்தியைப் பாருங்கள். மாற்று ஏற்பாடு இல்லாமல் தாயாரிடம் உறுதி கூறிவிடாதீர்கள். சொந்தக் காரில் போவதானால் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறையில் இருக்கிறது.

உடையைப் பொறுத்தவரை, ஒரே ஒரு தடித்த ஸ்வெட்டரைவிட இரண்டு மெல்லியவை மேல். அடுக்குகளுக்கு இடையே சிக்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. பகலில் ஒன்றைக் கழற்றிவிடவும் முடியும். அம்மாவுக்குப் பருத்தி உள்ளாடையின் மேல் அசல் கம்பளியாக ஒன்று இருக்கட்டும். கம்பளி தன் எடையில் முப்பது விழுக்காடு வரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொடுவதற்கு நனைந்ததாகத் தோன்றாது; மூடுபனியில் நடப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

பின்னலில் ஆர்வம் உள்ளவர்கள் ஒரு நாள் பயணமாகப் பார்க்கத்தக்க இடம் ஏதேனும் தமிழ்நாட்டில் உண்டா?
– திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி

உங்கள் ஊரிலிருந்தே போகலாம். கொடைக்கானலிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டரில், மலைப்பூண்டுக்குப் பேர்போன பூம்பாறையைக் கடந்து மன்னவனூர் வரும். மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் அங்கே இருக்கிறது. பச்சைப் புல்மேட்டில் மெல்லிய கம்பளி தரும் மெரினோ இனத்தின் வழி வந்த ஆடுகள் மேய்வதைப் பார்த்த பிறகு, நூல்கண்டைக் கையில் எடுக்கும்போது அதற்கு முகம் ஒன்று இருப்பதாகத் தோன்றும். பார்வையாளர் நேரத்தை முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். நீலகிரிப் பக்கம் போக நேர்ந்தால் தோடர்களின் பூத்தையலைப் பாருங்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற கலை அது. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல்களால், முன்வரைபடம் எதுவும் இல்லாமல், இழைகளை எண்ணி எண்ணியே அந்தப் பெண்கள் தைக்கிறார்கள். கண்ணியை எண்ணத் தெரிந்த உங்களுக்கு அந்த உழைப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாகப் புரியும். விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள்.

பணி ஓய்வு பெற்றுவிட்டேன். மழைக்கால மாலைகளில் பின்னல் கற்றுக்கொள்ளலாம் என்று ஊசியை எடுத்தால், வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆண்கள் பின்னுவது அவ்வளவு விந்தையா?
– திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்

திருப்பூரிலிருந்தா இந்தக் கேள்வி! உங்கள் ஊரின் பின்னலாடை இயந்திரங்களை ஓட்டுகிறவர்களில் எத்தனை ஆண்கள் இருக்கிறார்கள் என்பதை என்னைவிட நீங்களே நன்கு அறிவீர்கள். பனியனை விளிம்பருகே இழுத்துப் பிடித்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். ஊசியில் விழும் அதே கண்ணிதான் அங்கே நுண்ணிதாக இருக்கும். பெரு நாட்டின் டிட்டிகாக்கா ஏரியில் டக்கீலே என்றொரு தீவு உண்டு. அங்கே பின்னல் ஊசி ஆண்களின் கையில்தான் இருக்கிறது, சிறுவர்கள் குழந்தைப் பருவத்திலேயே கற்றுக்கொள்கிறார்கள். சிரிப்பவர்களுக்கு இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 4 மி.மீ. ஊசி ஒரு ஜோடியும், சற்றுத் தடித்த பருத்தி நூலும் வாங்கி, முப்பது கண்ணிகள் ஏற்றி, எல்லா வரிசைகளையும் நிட்டாகவே போட்டு ஒரு சதுரம் பின்னுங்கள். முதலாவது கோணலாக வரும். அதை அடுப்படியில் பாத்திரம் இறக்கும் துணியாகக் கொடுத்துவிடுங்கள். வாரம் ஒன்று கழியுமுன் இன்னொன்று வேண்டும் என்று உங்கள் மனைவியே கேட்பார். அப்போது நூலின் நிறத்தை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.