எலக்ட்ரோஸ்ப்ரே சிக்னல் ஏன் சதி செய்கிறது? கேள்வி பதில்

நிறை நிறமாலைமானி என்பது மூலக்கூறுகளை அயனிகளாக்கி அவற்றின் நிறையை அளக்கும் கருவி. அதில் கரைசலை மின்னழுத்தத்தால் நுண்துளிகளாகத் தெளித்து அயனியாக்கும் எலக்ட்ரோஸ்ப்ரே முறை பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேட்டவர்களில் பலர் கருவியின் அமைப்புகளைத்தான் சந்தேகிக்கிறார்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட குற்றவாளிகள் கரைசலில்தான் ஒளிந்திருக்கிறார்கள்.

கேள்வி (ஆராய்ச்சி மாணவி): மின்னழுத்தத்தைக் கூட்டினால் சிக்னல் கூடும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு ஓரளவுக்கு மேல் போனால் குறைகிறது, ஆடவும் செய்கிறது. கருவி பழுதா?

பதில்: பழுதில்லை. ஊசிமுனையில் திரவம் கூம்பாக இழுபட்டு, அதன் நுனியிலிருந்து நுண்துளிகள் தெறிக்க வேண்டும். இதற்கு டெய்லர் கூம்பு என்று பெயர். அதற்குத் தேவையான மின்னழுத்தம் வந்துவிட்டால், அதற்கு மேல் கூட்டுவதால் பெரிய லாபம் கிடையாது. இன்னும் ஏற்றினால் முனையைச் சுற்றியுள்ள வாயுவே அயனியாகி கொரோனா மின்னிறக்கம் தொடங்கும். மின்னோட்டம் திடீரென்று எகிறும், சிக்னல் ஆடும். வழக்கமான ஊசிகளில் நேர் அயனி முறைக்கு 3 முதல் 4 கிலோவோல்ட் போதும். எதிர் அயனி முறையில் மின்னிறக்கம் எளிதில் வந்துவிடும் என்பதால் இன்னும் கீழே நில்லுங்கள். 0.2 கிலோவோல்ட் படிகளாக ஏற்றிப் பாருங்கள். சிக்னல் சமதளத்துக்கு வந்ததும் அங்கேயே நிறுத்துங்கள். உச்ச எண்ணிக்கையைத் துரத்துவதைவிட ஆடாத சிக்னல் மேல்.

கேள்வி: பிரிப்புக் குழாயில் பொருள்களைப் பிரித்துக் கருவிக்கு அனுப்பும் என் முறை 98 சதவீத நீரில் தொடங்கி, கரிமக் கரைப்பானைப் படிப்படியாகக் கூட்டுகிறது. முதலில் வெளிவரும் பொருள்கள் எல்லாம் பலவீனமாக இருக்கின்றன. ஏன்?

பதில்: நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன், மெத்தனாலுக்கு 22 அல்லது 23. கூம்பு உருவாகத் தேவைப்படும் மின்னழுத்தம் இந்த இழுவிசையின் வர்க்கமூலத்தோடு ஏறும். அதனால் நீருக்கு மெத்தனாலைப்போல ஏறக்குறைய 1.8 மடங்கு தேவை. அதோடு நீர் மெதுவாகத்தான் ஆவியாகும். துளி சுருங்கிச் சுருங்கி, அதன் மின்னூட்டம் ரேலி பிரபு 1882-இல் கணக்கிட்டுச் சொன்ன எல்லையைத் தொடும்போதுதான் வெடித்துச் சிறு துளிகளாகும். சுருங்குவதே தாமதமானால் அயனி எங்கிருந்து வரும்? அந்தப் பொருள்களை அதிகம் பிடித்துவைக்கும் பிரிப்புக் குழாய்க்கு மாறி, அசிட்டோநைட்ரைல் போன்ற கரிமக் கரைப்பான் கூடிய கட்டத்தில் அவை வெளிவரும்படி செய்யுங்கள். முடியாவிட்டால் குழாய்க்குப் பிறகு கொஞ்சம் மெத்தனால் கலந்துவிடுங்கள்.

கேள்வி: புற ஊதா கண்டறிவானோடு பாஸ்பேட் பஃபரில் நன்றாக ஓடிய முறை. அப்படியே மாற்றலாமா?

பதில்: கூடாது. பாஸ்பேட் ஆவியாகாது, நுழைவாயிலில் வெள்ளையாகப் படியும். அம்மோனியம் ஃபார்மேட்டோ அசிட்டேட்டோ 5 முதல் 10 மில்லிமோலார் வரை வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் குறையக் குறைய நல்லது.

கேள்வி: பெப்டைடுகளுக்கு டிரைஃபுளோரோஅசிட்டிக் அமிலம் சேர்த்தால் உச்சங்கள் ஊசிபோல் கூர்மையாக வருகின்றன, நிறமாலைமானியில் சிக்னல் விழுந்துவிடுகிறது.

பதில்: ஒரே பொருள்தான் இரண்டுக்கும் காரணம். அதன் எதிர்மின் அயனி பெப்டைடின் நேர்மின் இடங்களோடு இறுக்கமாக ஜோடி சேர்கிறது. பிரிப்புக் குழாயில் அது வரம், துளிக்குள் அது சாபம். 0.1 சதவீத ஃபார்மிக் அமிலத்துக்கு மாறுங்கள். உச்சம் சற்று அகலும், சிக்னல் மீண்டும் எழும். விட மனமில்லையென்றால், குழாய்க்குப் பின் புரோப்பியோனிக் அமிலமும் ஐசோபுரோப்பனாலும் கலந்த கலவையைச் சேர்க்கும் பழைய உபாயம் ஓரளவு மீட்டுத்தரும்.

கேள்வி: மூலக்கூறு நிறையைவிட 1 கூடிய இடத்தில் உச்சம் வர வேண்டும். எனக்கு 23, 39 கூடிய இடங்களில்தான் பெரிதாக வருகிறது.

பதில்: முன்னது சோடியம், பின்னது பொட்டாசியம். கண்ணாடிப் புட்டிகள், கரைப்பான், விரல் வியர்வை, எல்லாமே சோடியத்தின் ஊற்றுகள். சர்க்கரைகளும் பாலிஈதர்களும் புரோட்டானைவிடச் சோடியத்தையே விரும்பும் என்பதையும் மறக்க வேண்டாம். கரைப்பானைக் கண்ணாடிப் புட்டியில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். சிறிது அம்மோனியம் ஃபார்மேட் உதவும். 44 இடைவெளியில் வரிசையாக உச்சங்கள் தெரிந்தால் அது சோடியமன்று, பாலிஎதிலீன் கிளைக்கால். சோப்பு போட்டுக் கழுவிய கலன்களை முதலில் சோதியுங்கள்.

கேள்வி (மருந்து ஆய்வகத்தில் வேலை செய்பவர்): தூய கரைசலில் அருமையான சிக்னல். அதே அளவு மருந்தை இரத்தப் பிளாஸ்மாச் சாற்றில் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்குதான் வருகிறது. மருந்து எங்கே போகிறது?

பதில்: எங்கும் போகவில்லை, துளிக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. துளியின் மேற்பரப்பில் இடமும் மின்னூட்டமும் அளவோடுதான் உண்டு. பரப்பை நாடும் மூலக்கூறுகள் முதலில் இடம்பிடிக்கும். மற்றவை உள்ளே நின்று வேடிக்கை பார்க்கும். பிளாஸ்மாவில் பாஸ்போலிப்பிடுகள் என்ற கொழுப்புகள்தான் பெரிய இடம்பிடிப்பவர்கள். இதற்கு அயனி ஒடுக்கம் என்று பெயர்.

இதை நான் கற்றது அவமானப்பட்டுத்தான். ஒரு வாரம் கருவியின் எல்லா மின்னழுத்தங்களையும் திருகினேன், எதுவும் அசையவில்லை. கடைசியில் குழாய்க்குப் பின் ஒரு மூவழி இணைப்பு வைத்து, மருந்தைச் சீராகச் செலுத்திக்கொண்டே, மருந்தில்லாத பிளாஸ்மாச் சாற்றை உட்செலுத்தினேன். நேர்கோடாக ஓடிய சிக்னல் இரண்டு இடங்களில் பள்ளமாகத் தாழ்ந்தது. என் மருந்து சரியாக முதல் பள்ளத்தின் நடுவில் வெளிவந்துகொண்டிருந்தது. கரிமக் கரைப்பான் கூடும் வேகத்தை மாற்றி, மருந்து வெளிவருவதை ஒரு நிமிடம் தள்ளியதும் தீர்ந்தது.

நீங்களும் அந்தச் சோதனையில் தொடங்குங்கள். பாஸ்போலிப்பிடுகளைப் பார்க்க நிறை 184 கொண்ட அயனியைக் கவனியுங்கள். பிறகு நேரத்தைத் தள்ளுங்கள், சாற்றைச் சுத்தம் செய்யுங்கள், உணர்திறன் இடம் கொடுத்தால் நீர்த்தும் பாருங்கள். ஐசோடோப்பு முத்திரையிட்ட உட்தரத்தை, அதாவது கனமான அணுக்கள் கொண்ட அதே மருந்தைத் தெரிந்த அளவில், ஒப்பீட்டுக்காகச் சேர்த்தால், அதுவும் மருந்தோடு சேர்ந்தே ஒடுக்கப்பட்டு, விகிதம் காப்பாற்றப்படும். ஆனால் டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏராளமாக ஏறிய உட்தரம் சற்று முன்னதாக வெளிவரலாம். அப்போது பள்ளத்தின் வேறு ஆழத்தைச் சந்திக்கும். கார்பன் 13 கொண்டது அந்த விஷயத்தில் நம்பகமானது.

கேள்வி: அப்படியானால் உச்சப் பரப்புகளை ஒப்பிட்டு இரண்டு பொருள்களின் அளவைச் சொல்லலாமா?

பதில்: ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அளவுத்திருத்தம் இல்லாமல் சொல்லக் கூடாது. சம அளவில் இருந்தாலும், பரப்பை நாடுவது பத்து மடங்கு பெரிதாகத் தெரியலாம்.

கேள்வி: செறிவு ஏற ஏற என் அளவுத்திருத்தக் கோடு வளைகிறது.

பதில்: சுமார் 10 மைக்ரோமோலாரை நெருங்கும்போது துளியிலுள்ள மின்னூட்டம் போதாமல் போகிறது. கண்டறிவானின் நிறைவும் காரணமாகலாம். இரண்டுக்கும் தீர்வு கரைசலை நீர்த்தல்தான்.

கேள்வி: நானோஸ்ப்ரேக்கு மாறினால் இவ்வளவும் தீருமா?

பதில்: பெரும்பகுதி தணியும். நிமிடத்துக்குச் சில நூறு நானோலிட்டரோ அதற்கும் குறைவோ ஓட்டும்போது தொடக்கத் துளியே மிகச் சிறியது. சில வெடிப்புகளிலேயே அயனி விடுபடுகிறது, உப்பையும் கூடுதலாகப் பொறுத்துக்கொள்கிறது. எலக்ட்ரோஸ்ப்ரே பெரும்பாலும் செறிவுக்கே பதில் சொல்லும் என்பதால், ஓட்டத்தைக் குறைத்தாலும் சிக்னல் அதே விகிதத்தில் விழாது. விலை என்னவென்றால் அடைப்பு. ஒரு தூசி போதும், மாலை முழுவதும் வீண்.

கேள்வி: நீர் இழந்த அயனிதான் பெரிதாக வருகிறது. பொருள் சிதைந்துவிட்டதா?

பதில்: முதலில் கூம்பு மின்னழுத்தத்தை (டெய்லர் கூம்பு அல்ல, கருவியின் நுழைவாயிலில் உள்ள கூம்புக்குக் கொடுப்பது) குறைத்துப் பாருங்கள். அயனி மூலத்தில் வேகமாக முடுக்கப்பட்டு வாயுவோடு மோதினால் அங்கேயே உடையும். ஆனால் அதிகமாகக் குறைத்தால் கரைப்பான் கொத்துகள் ஒட்டிக்கொண்டே வரும். குறைத்ததும் உச்சம் மாறினால் உங்கள் பொருள் நலமாக இருக்கிறது. மாறாவிட்டால் உலர்த்தும் வாயுவின் வெப்பநிலையை இறக்குங்கள். அதற்கும் அசையாவிட்டால் மட்டும் புட்டியைச் சந்தேகியுங்கள்.