எக்ஸ்ரே படிப்பை ஏ.ஐ. விழுங்கிவிடுமா?

மகளை பி.எஸ்சி. ரேடியோகிராபியில் சேர்த்தால், படித்து முடிப்பதற்குள் ஏ.ஐ. அந்த வேலையைப் பறித்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்களுக்கு ஏ.ஐ.யைவிடக் கல்லூரித் தேர்வில்தான் கவலை அதிகம்.

ஏ.ஐ. துறையின் முன்னோடி விஞ்ஞானி ஜெஃப்ரி ஹின்டன் 2016இல், ரேடியாலஜிஸ்டுகளுக்குப் பயிற்சி தருவதையே நிறுத்திவிடலாம், ஐந்தாண்டில் கணினி மிஞ்சிவிடும் என்றார். அந்தக் கெடு என்றோ முடிந்தது. ரேடியாலஜிஸ்டுக்கு இன்றும் தட்டுப்பாடுதான். அதுவும் அவர் பேசியது, படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டரைப் பற்றி. உங்கள் மகள் படிக்கப்போவது படம் எடுக்கும் வேலையை.

ஏ.ஐ. நிஜமாகவே களத்துக்கு வந்திருப்பது காசநோய்ப் பரிசோதனையில். 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் நெஞ்சு எக்ஸ்ரேயை, டாக்டருக்குப் பதில் மென்பொருள் படிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. மும்பையின் க்யூர்.ஏ.ஐ. போன்ற நிறுவனங்களின் மென்பொருள் இதற்கு உதவுகிறது. கையடக்க எக்ஸ்ரே கருவியோடு, ரேடியாலஜிஸ்டே இல்லாத ஊர்களிலும் முகாம் போட முடிகிறது. ஆனால் படம் எடுக்க ஆள் வேண்டும், அதுவும் வேலை தெரிந்த ஆள்.

ஏன் என்று பாருங்கள். பின்னலைத் தூக்கிக் கட்டாமல் எடுத்தால், நுரையீரலின் மேல்நுனியில் அதன் நிழல் விழும். பெரியவர்களுக்குக் காசநோய் அதிகம் தங்குவது அந்த இடத்தில்தான். மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்கவில்லையென்றால் நுரையீரலின் அடிப்பகுதி வெளுத்து, இதயம் பெரிதாகத் தெரியும். உதரவிதானத்துக்கு மேல் ஒன்பது, பத்து பின் விலா எலும்புகள் எண்ண வர வேண்டும். தோளை முன்னே தள்ளாவிட்டால் தோள்பட்டை எலும்பு நுரையீரல்மேல் ஏறும். தாலிச் சங்கிலியில் கோத்த ஊக்கு வேறு! காசநோய்க்கான வாய்ப்பு எவ்வளவு என்று ஒவ்வொரு படத்துக்கும் மென்பொருள் ஒரு மதிப்பெண் போடும். இப்படிப்பட்ட நிழலை நோய் என்று நினைத்து மதிப்பெண்ணை ஏற்றிவிடும், நோயில்லாதவர் சளிப் பரிசோதனைக்கு அலைவார். மதிப்பெண் எத்தனைக்கு மேல் போனால் அனுப்புவது என்ற வரம்பையும் அந்தந்த ஊருக்கு ஏற்ப வைக்க வேண்டும். தாழ்த்தினால் பரிசோதனைச் செலவு எகிறும், உயர்த்தினால் நோயாளி தப்பிப்போவார். பழைய காசநோய்த் தழும்பும் மதிப்பெண்ணைக் கூட்டும்.

படம் சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு உதாரணம்: தாய்லாந்தில், சர்க்கரை நோயால் வரும் கண் பாதிப்பைக் கண்டறியும் கூகுளின் விழித்திரை ஏ.ஐ.யைக் கிராமப்புற கிளினிக்குகளில் வைத்துப் பார்த்தபோது, 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் தரம் போதாது என்று அது ஒதுக்கியது. அறையைப் போதுமான அளவு இருட்டாக்க முடியவில்லை, இணையமும் இழுத்தது. ஆய்வகத்தில் நன்றாக ஓடிய அதே மென்பொருள்தான்.

அதனால் கல்லூரிக்கு நேரில் போங்கள். சொந்த மருத்துவமனையில் சி.டி., எம்.ஆர்.ஐ. இருக்கிறதா, மாணவர் கையில் மெஷினைக் கொடுக்கிறார்களா, பேக்ஸ் சர்வரும் (ஸ்கேன் படங்களைச் சேமித்துப் பகிரும் கணினி அமைப்பு) டைகாம் கோப்புகளும் (மருத்துவப் படங்களுக்கான பொதுக் கோப்பு வடிவம்) புழக்கத்தில் உள்ளனவா என்று கேளுங்கள். எக்ஸ்ரே படத்தை போனில் போட்டோ பிடித்து வாட்ஸப்பில் அனுப்பும் இடத்தில் ஏ.ஐ. பேச்சே வேண்டாம். அறைக் கதவருகே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். பிளஸ் டூ முடித்த கையோடு 'ஆறு மாத ஏ.ஐ. ரேடியாலஜி சான்றிதழ்' என்று விற்பார்கள். அதை வைத்து எக்ஸ்ரே அறைக்குள் நுழைய முடியாது. பைத்தான் என்ற கணினி நிரல் மொழியில் ஆர்வமிருந்தால் இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு இலவசமாகவே கற்கலாம்.

கதிர்வீச்சு பற்றி வீட்டில் பயம் இருக்கும். பணியாளருக்கு வரம்பு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). எந்த ஓராண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. வாங்கிய கதிர்வீச்சைப் பதிவு செய்யும் டி.எல்.டி. பேட்ஜை ஈய ஏப்ரனுக்கு உள்ளே, நெஞ்சில் அணிய வேண்டும். மூன்று மாதத்துக்கொரு முறை அளவு பார்ப்பார்கள். பேட்ஜ் தராத இடத்தில், இன்டர்ன்ஷிப்பாக இருந்தாலும், மகளை விடாதீர்கள்.