பூங்காச் சுவரோவியம்: பணம் வாங்கிய பிறகும் உரிமை உண்டா?

மாநகராட்சியிடம் பணம் வாங்கிக்கொண்டு பூங்காச் சுவரில் நீங்கள் வரைந்த ஓவியத்தைக் கெடுத்துவிட்டார்கள், இனி உரிமை உண்டா என்று கேட்கிறீர்கள். உண்டு. மாநகராட்சிக்குப் பதிப்புரிமையையே எழுதிக் கொடுத்திருந்தாலும், படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கவும் அது உங்களுடையது என்று சொல்லவும் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு உங்களுக்கு இருக்கிறது. பாதி ஓவியத்தின் மேல் விளம்பரம் எழுதி, மூலையில் இருந்த உங்கள் கையெழுத்தையும் அழித்தது அதில்தான் வரும்.

டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகலின் வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள். மிஞ்சியதை அவரிடமே கொடுக்கச் சொல்லி, 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் விதித்தது உயர் நீதிமன்றம், 2005இல். அவ்வளவு வருடம் ஒரு கலைஞர் போராட வேண்டியிருந்தது என்பதே வேதனை.

பணி ஆணையை எடுத்துப் பாருங்கள். 'பெயின்டிங் வேலை' என்று மட்டும் இருக்கலாம். அப்படியென்றால் பராமரிப்பு ஒப்பந்ததாரருக்கு அது வெறும் சுவர். பழைய படத்தையும் இன்றைய படத்தையும் சேர்த்து ஆணையருக்கு எழுதுங்கள்.

சுவரையே இடித்துவிட்டால் கடினம். டெல்லியில் இருந்த ஹால் ஆஃப் நேஷன்ஸ் என்ற கண்காட்சி அரங்கின் இடிப்பு வழக்கில் 2019இல் கட்டடக் கலைஞர் தோற்றார்.