நர்ஸா, தாய்ப்பால் ஆலோசகரா?

கேள்வி: பிரசவமாகி 9 நாள். இரண்டு காம்பிலும் வெடிப்பு. குழந்தை அழுதாலே பயமாக இருக்கிறது. இரவில் பார்த்துக்கொள்ள நர்ஸ் வைப்பதா, தாய்ப்பால் ஆலோசகரைக் கூப்பிடுவதா? ஒருவருக்குத்தான் பணம் கட்டுப்படியாகும்.

பதில்: ஆலோசகரைக் கூப்பிடுங்கள். வெடிப்புக்குப் பெரும்பாலும் காரணம் குழந்தை மார்பைப் பிடிக்கும் விதம்தான். அது சரியாகாமல் களிம்பு மட்டும் பூசினால் புண் திரும்பத் திரும்ப வரும். வருபவர் நீங்கள் பால் கொடுப்பதை முழுக்க உட்கார்ந்து பார்க்க வேண்டும். பார்க்காமலே பம்பு வாங்கச் சொல்பவரை மறுமுறை அழைக்காதீர்கள்.

குழந்தை வாயை எடுத்ததும் காம்பைப் பாருங்கள். புது லிப்ஸ்டிக் முனைபோல் சாய்வாக நசுங்கியிருந்தால், வெறும் காம்பை மட்டும் கவ்வியிருக்கிறது. கொட்டாவி விடுவதுபோல் வாய் அகலத் திறக்கும்வரை காத்திருங்கள். காம்பின் நுனி குழந்தையின் மூக்குக்கு நேராக இருக்கட்டும். முகவாய் முதலில் மார்பில் பட வேண்டும். கரும்பகுதியில் கீழ்ப்பக்கம் அதிகமாக வாய்க்குள் போக வேண்டும். முதல் சில நொடிகளுக்குப் பிறகும் வலித்தால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். சுண்டுவிரலைக் கடைவாய் ஓரமாக நுழைத்துப் பிடியை விடுவித்து, மறுபடி வையுங்கள். அப்படியும் மாறாவிட்டால் நாக்கின் அடியில் தசை ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பால் போதுகிறதா என்பதற்கு அழுகை கணக்கல்ல, டயப்பர்தான் கணக்கு: 5 நாளுக்கு மேல் தினமும் 6 தடவையாவது சிறுநீர் போக வேண்டும். பிறந்தபோது இருந்த எடை சுமார் இரண்டு வாரத்தில் திரும்பிவிட வேண்டும்.

பின்னால் நர்ஸ் வைத்தாலும் ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடுங்கள். ‘நீங்கள் தூங்குங்கள்’ என்று அவர் இரவு முழுக்கப் புட்டிப்பால் கொடுத்தால் மார்பில் பால் கட்டும், சுரப்பும் குறையும். பசிக்குக் குழந்தையை உங்களிடம் கொண்டுவருவது, ஏப்பம் விடவைப்பது, துணி மாற்றி மல்லாக்கப் படுக்கவைப்பது, இவைதான் அவர் வேலை.

மார்பில் ஓரிடம் சிவந்து, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சலும் வந்தால் டாக்டரிடம் போங்கள். அப்போதும் பாலை நிறுத்த வேண்டாம்.

கேள்வி: குழந்தைக்கு 3 வாரம். மனைவி இன்னும் அழுதுகொண்டே இருக்கிறாள். இது இயல்பா?

பதில்: முதல் வாரத்து அழுகை சகஜம், இரண்டு வாரத்துக்குள் தணிந்துவிடும். 3 வாரம் என்றால் டாக்டரைப் பார்த்தாக வேண்டும். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க உதவும், 1987 முதல் புழக்கத்தில் இருக்கும் எடின்பரோ வினாத்தாளை அவரிடம் கேளுங்கள். கடந்த 7 நாளைப் பற்றி 10 கேள்விகள். நோயை முடிவு செய்வது டாக்டர்தான், தாள் அல்ல. ஆனால் தன்னைத் தானே காயப்படுத்தும் எண்ணம் பற்றிய கடைசிக் கேள்விக்கு ‘ஒருபோதும் இல்லை’ தவிர வேறு பதில் வந்தால், அன்றைக்கே அழைத்துப் போங்கள். அதுவரை தனியே விடாதீர்கள்.