சாட்சிக் கூண்டில் ஏறப் போகிறீர்களா? கேள்வி பதில்

ஈரோடு, திருப்பூர் பக்கத்து கோர்ட்டுகளில் சிவில், கிரிமினல் இரண்டும் நடத்துகிற வக்கீல் நான். சாட்சி சொல்லப் போகிறவர்களும், சொல்லிவிட்டு வந்து மனசு சங்கடப்படுகிறவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். பிரிவு எண்கள் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின்படி. அந்தத் தேதிக்கு முன்பே நிலுவையில் இருந்த வழக்குகளுக்குப் பழைய 1872 இந்திய சாட்சியச் சட்டமே தொடரும்.

கோபி வாசகர்: பங்காளியின் வண்டித்தட வழக்கில் சாட்சி சொல்லப் போறேனுங்க. 15 வருஷத்துக்கு முன்னால என் மேல ஒரு அடிதடி கேஸ் இருந்து விடுதலை ஆயிட்டேன். எதிர்த்தரப்பு வக்கீல் அதைக் கிளறுவாருங்களா?

கேட்டுப் பார்ப்பார். சாட்சி நம்பத்தக்கவரா என்று சோதிக்கக் குணத்தைப் பற்றியும் கேள்வி கேட்க 149-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லியாக வேண்டுமா என்பதை நீதிபதிதான் முடிவு செய்வார். ரொம்பப் பழைய சங்கதி, அதை வைத்து உங்கள் இன்றைய பேச்சை எடைபோட முடியாது என்றால் அது முறையற்ற கேள்வி என்று 151-ஆம் பிரிவே சொல்கிறது. உங்கள் வக்கீல் எழுந்து ஆட்சேபிக்கலாம்.

அப்புறம் இன்னொன்று. உங்கள் குணத்தை மட்டும் தொடுகிற கேள்விக்கு நீங்கள் ‘இல்லை’ என்றால், அதைப் பொய்யாக்க வேறு ஆளையோ ஆவணத்தையோ அவர் கொண்டுவர முடியாது. இதற்கு இரண்டு விலக்கு உண்டு. நீங்கள் தண்டனை பெற்றிருந்து அதை மறுத்தால் தீர்ப்பு நகலைக் காட்டலாம். நீங்கள் ஒருதலைப்பட்சமானவர் என்று காட்டும் விஷயத்தை மறுத்தால் அதற்கும் ஆதாரம் தரலாம். விடுதலை என்பது தண்டனை இல்லை, அதனால் முதல் விலக்கு உங்களைத் தொடாது. இரண்டாவதில்தான் நம் ஊர் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். வாதி உங்கள் பங்காளி, அவரிடம் கைமாத்து வாங்கியிருக்கிறீர்கள், அவர் கிணற்றிலிருந்து தண்ணீர் பாய்ச்சுகிறீர்கள் என்றால் கேட்டதும் ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்ட உறவு உங்கள் சாட்சியைக் கெடுக்காது. மறைத்து வெளியே வந்தால் மீதிப் பேச்சும் சேர்ந்து போய்விடும். தெரிந்தே பொய் சொன்னால் தனி வழக்கும் வரலாம்.

திருப்பூர் வாசகர்: கண்ணால் பார்த்த விபத்து. போலீஸ் விசாரித்தபோது லாரி லைட் போடாமல் வந்ததைச் சொன்னேன், அவர்கள் எழுதவில்லை. கோர்ட்டில் சொன்னதும் ‘இது இட்டுக்கட்டிய கதை’ என்றார்கள். இது நியாயமா?

ஆத்திரம் புரிகிறது, ஆனால் இதற்கு முறை ஒன்று இருக்கிறது. போலீஸ் எழுதும் விசாரணை வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போடுவதில்லை, போடவும் கூடாது. அதை உங்கள் சாட்சியத்துக்குப் பலம் சேர்க்கப் பயன்படுத்த முடியாது. முரண்பாடு காட்டத்தான் அது உதவும். எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு அதைச் செய்யலாம், அரசுத் தரப்பு செய்ய நீதிமன்ற அனுமதி வேண்டும்.

முரண் காட்டுவதென்றால் ‘போலீஸில் வேறு மாதிரி சொன்னீர்கள்’ என்று பொதுவாகச் சத்தம் போட்டால் போதாது. எழுத்தில் உள்ள எந்த வரி முரண்படுகிறதோ, அந்தப் பகுதியைச் சாட்சியின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும். 148-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. ‘அப்படிச் சொல்லவில்லை’ என்று சாட்சி மறுத்தால், பிறகு விசாரணை அதிகாரி கூண்டேறும்போது அவரிடம் கேட்டு அந்த வரியை நிரூபிக்க வேண்டும். இதில் பாதியைச் செய்துவிட்டு உட்கார்ந்தால் முரண் நிரூபணம் ஆகாது.

உங்களுடையது விடுபடல். எழுதாமல் விட்டதெல்லாம் முரண்பாடாகாது. அந்தச் சூழ்நிலையில் கட்டாயம் சொல்லியிருக்க வேண்டிய முக்கிய விஷயமாக இருந்தால் மட்டுமே அது முரண்பாட்டுக்குச் சமம். 1959-இல் தஹ்சில்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாக அலசியது. லாரியில் லைட் எரியவில்லை என்பது இரவு விபத்தில் முக்கியம்தான், அதனால் கேள்வி வந்தது தவறில்லை. ‘நான் சொன்னேன், அவர்கள் எழுதியது எனக்குத் தெரியாது, எனக்குப் படித்துக் காட்டவில்லை’ என்பது நடந்த உண்மையானால் அதையே நிதானமாகச் சொல்லுங்கள். எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணை முடிந்த பிறகு, உங்களை அழைத்த அரசு வக்கீல் மீண்டும் கேள்வி கேட்கும் மறு விசாரணையில் இதைத் தெளிவுபடுத்தச் சொல்லிக் கேட்கலாம்.

தாராபுரம் வாசகர்: செத்துப்போனவர் என் மச்சான். பார்த்தது நான் ஒருத்தன்தான். சொந்தக்காரன் சாட்சி, அதுவும் ஒத்தை ஆள் சாட்சி, செல்லாதுன்னு ஊருக்குள்ள சொல்றாங்களே?

செல்லும். இத்தனை சாட்சி வேண்டும் என்று எந்தக் கணக்கும் இல்லை என்கிறது 139-ஆம் பிரிவு. வடிவேலு தேவர் எதிர் மெட்ராஸ் அரசு என்ற 1957 வழக்கில், கொலையானவரின் மனைவி ஒருவரின் சாட்சியத்தை நம்பியே தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. முழுக்க நம்பத்தக்கவர், முழுக்க நம்ப முடியாதவர், இரண்டுக்கும் நடுவில் இருப்பவர் என்று சாட்சிகளை மூன்றாகப் பிரித்ததும் அந்தத் தீர்ப்புதான். மூன்றாவது வகைக்குத்தான் துணை ஆதாரம் தேட வேண்டும். நெருங்கிய உறவினர் உண்மைக் குற்றவாளியைத் தப்பவிட்டு அப்பாவியை மாட்டிவிடச் சாதாரணமாகத் துணியமாட்டார் என்று 1953-இல் தலீப் சிங் வழக்கிலேயே சொல்லிவிட்டார்கள். முன்விரோதம் இருந்தால் மட்டும் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்கள்.

வெள்ளகோவில் வாசகர்: புரோ நோட்டில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரை நானே கூப்பிட்டேன். கூண்டில் ஏறி ‘பணம் கைமாறியதைப் பார்க்கவில்லை’ என்று மாற்றிவிட்டார்.

அந்த நிமிடமே உங்கள் வக்கீல் 157-ஆம் பிரிவில் அனுமதி கேட்டு, உங்கள் சாட்சியையே குறுக்கு விசாரணை போலக் கேட்கலாம். அவர் முன்பு எழுதித் தந்தது ஏதாவது இருந்தால் அதைக் காட்டி முரண்படுத்தலாம். அவர் எதிர்த்தரப்பிடம் பணம் வாங்கியதற்கு ஆதாரம் இருந்தால், நீதிமன்ற ஒப்புதலோடு 158-இல் அதையும் வைக்கலாம். பிறழ் சாட்சி, அதாவது அழைத்த தரப்புக்கே எதிராக மாறியவர் ஆகிவிட்டார் என்பதற்காக அவர் சொன்ன எல்லாமே குப்பைக்குப் போகாது. ‘கையெழுத்து என்னுடையது, வாதி வீட்டில் வைத்துப் போட்டேன்’ என்று ஒப்புக்கொண்டிருந்தால் அந்தப் பகுதி உங்களுக்கு உதவும். 2006-இல் பழைய சட்டத்திலேயே இதைத் தனி உட்பிரிவாகச் சேர்த்தார்கள்.

பவானி, இளம் வக்கீல்: சார், குறுக்கு விசாரணையில் சாட்சி உடைந்துவிட்டால் மறு விசாரணையில் எவ்வளவு தூரம் சரிசெய்யலாம்?

தம்பி, ‘மறு விசாரணை இல்லை’ என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு உட்காரும் ஜூனியர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். குறுக்கு விசாரணையில் எழுந்த விஷயங்களுக்கு விளக்கம் வாங்குவதே 143-ஆம் பிரிவு தரும் வாய்ப்பு. ‘பிரதிவாதியோடு சண்டை உண்டா?’ ‘உண்டு.’ அங்கே நிறுத்தியிருப்பார்கள். ‘அது எப்போது, எப்படி முடிந்தது?’ என்று நீங்கள் கேளுங்கள். பதிலை நீங்களே ஊட்டும் கேள்வி கூடாது. புது விஷயம் கிளப்ப அனுமதி வாங்க வேண்டும், அதன்மேல் எதிர்த்தரப்பு மறுபடி குறுக்கு விசாரணை செய்யும். பதில் என்ன வருமென்று தெரியாவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள்.

160-ஆம் பிரிவையும் மறக்காதீர்கள். சம்பவம் நடந்த சமயத்திலேயே, அல்லது விசாரிக்கும் அதிகாரம் உள்ளவரிடம், சாட்சி முன்பு சொன்னதைத் துணை ஆதாரமாகக் காட்டலாம். உதாரணத்துக்கு, ஒரு வண்டித்தட வழக்கில் தடத்தை வெட்டிய அன்று இரவே சாட்சி தன் அண்ணனுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் பேச்சு, ‘நேற்றுச் சொல்லிக்கொடுத்து வந்தவர்’ என்ற தாக்குதலுக்கு நல்ல பதில். மின்னணுப் பதிவுக்கு வேண்டிய 63-ஆம் பிரிவுச் சான்றிதழை மறக்காமல் சேர்க்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். கொடுத்தவர் சாட்சியாக வந்தால் அதையும் இப்படிப் பயன்படுத்தலாம். போலீஸ் விசாரணை வாக்குமூலத்தை மட்டும் முடியாது.

காங்கேயம் வாசகி: அம்மாவுக்கு 74 வயசுங்க. தேதி கேட்டால் ‘மாரியம்மன் நோம்பி சாட்டின வாரம்’ என்றுதான் சொல்வார். கேலி பண்ணுவாங்களோன்னு பயமா இருக்கு.

அப்படியே சொல்லட்டும். நோம்பியை வைத்துக் காலம் சொல்வது நம் மக்களின் இயல்பான பேச்சு, அதைக் கேட்கும் நீதிபதிக்கு நம்பிக்கைதான் வரும். தேதியை மனப்பாடம் செய்ய வைத்து அனுப்பினால்தான் மாட்டிக்கொள்வார். சாட்சிக்குப் புகைப்படம் பிடித்த மாதிரி ஞாபகம் இருக்க வேண்டியதில்லை என்று 1983-இல் போகின்பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. என் கவலையெல்லாம் சிவில் வழக்கில் முதல் விசாரணைக்குப் பதிலாகத் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரத்தைப் பற்றித்தான். வக்கீல் ஆபீஸ் தமிழில் தேதி தேதியாக எழுதியதில் அம்மா படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார், கூண்டில் அதிலிருந்தே கேள்வி வரும். வரிவரியாகப் படித்துக் காட்டி, அவர் சொல்லாததை அடிக்கச் சொல்லுங்கள்.

பொள்ளாச்சி வாசகர்: என் தங்கை பாலியல் வன்கொடுமை வழக்கில் சாட்சி சொல்ல வேண்டும். பழைய வாழ்க்கையைப் பற்றிக் கேட்பார்களா?

கேட்கக் கூடாது. பாதிக்கப்பட்ட பெண்ணின் ஒழுக்கத்தைக் காட்டி அவர் சாட்சியைத் தாக்க இடம் தந்த பழைய உட்பிரிவை 2003 திருத்தச் சட்டம் நீக்கியது. சம்மதம் பற்றிய பிரச்சினை இருந்தாலும் முந்தைய உறவு குறித்த கேள்விக்கு 149 தடை விதிக்கிறது. அவமானப்படுத்தும் நோக்கமுள்ள எந்தக் கேள்வியையும் நீதிபதி 155-இல் தடுத்தாக வேண்டும். தங்கை பயப்படாமல் நீதிபதியைப் பார்த்துப் பேசட்டும்.

நாமக்கல் வாசகர்: சாட்சி சொன்னால் பார்த்துக்கறேன் என்று போனில் மிரட்டுகிறார்கள்.

பொய்ச் சாட்சி சொல்லவைக்க மிரட்டுவது புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 232-ஆம் பிரிவில் தனிக் குற்றம். போலீஸில் புகார் கொடுங்கள். 2018 டிசம்பரில் மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின்படி, மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் பாதுகாப்புக் கேட்டு மனுவும் போடலாம். அழைப்பு வந்த எண், தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் இன்றே எழுதி, மனுவோடு அரசு வக்கீலிடம் கொடுங்கள்.