மாடித் தோட்டத்தில் தானாக முளைத்த மிளகாய் என்ன ரகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் வீட்டு மாடி, சமையலறைக் கழிவில் செய்த உரம் போட்ட தொட்டி, அதில் தானாக முளைத்த செடி. காய் கட்டைவிரல் நீளம், கீழ்நோக்கித் தொங்குகிறது, தோல் சுருக்கம் சுருக்கமாக இருக்கிறது, பழுத்தால் ஆரஞ்சு கலந்த சிவப்பு. சாம்பாரில் பாதிக் காய் போட்டதற்கே வீட்டில் யாராலும் வாயில் வைக்க முடியவில்லை. செல்போன் ஆப் ஒரு தடவை ஹாபனேரோ என்ற கடுங்கார வெளிநாட்டு மிளகாய் என்கிறது, அடுத்த தடவை குடைமிளகாய் என்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ப்யாடகி என்று அடித்துச் சொல்கிறார்.

ப்யாடகி இல்லை, அதை இப்போதே சொல்லிவிடலாம். சுருக்கத்தைப் பார்த்து அவர் அப்படிச் சொல்லியிருப்பார், ஆனால் ப்யாடகியின் அந்தப் பேர்போன சுருக்கம் நாம் கடையில் பார்க்கும் காய்ந்த மிளகாயில் இருப்பது. ஹாவேரி மாவட்டத்து ப்யாடகி ஊரின் பெயரில் 2011-ல் புவிசார் குறியீடு வாங்கிய அந்த மிளகாய் நீளமானது, காரம் குறைவு, நிறத்துக்காகவே வாங்குகிறார்கள், பிசிபேளேபாத் பொடியின் சிவப்பு அதில்தான் வருகிறது. பாதிக் காய்க்கு ஒரு குடும்பமே தண்ணீர் தேடியது என்றால் அது வேறு ஆள்.

மிளகாயை அடையாளம் காண எல்லாரும் காயைத்தான் பார்க்கிறார்கள். காய் நம்மை ஏமாற்றும். ஒரே இனத்துக்குள்ளேயே குடைமிளகாயும் பஜ்ஜி மிளகாயும் குண்டூர் சன்னமும் ராமநாதபுரம் முண்டும் இருக்கின்றன, நாலும் பார்க்க ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மாதிரி இருக்கும். ஆப் தடுமாறுவதும் இதனால்தான். பூவையும் காம்பையும் பாருங்கள், அவை அவ்வளவு சீக்கிரம் மாறாது.

உலகத்தில் பயிராகும் மிளகாய் ஐந்து இனங்களுக்குள் அடங்கிவிடும். அவற்றின் அறிவியல் பெயர்கள் அன்னுவம், ஃப்ரூட்டசென்ஸ், சைனென்ஸ், பக்காட்டம், ப்யூபசென்ஸ். கடைசி இரண்டும் நம் பக்கத்துத் தோட்டங்களில் அபூர்வம், அதனால் ஒரு வரி போதும்: வெள்ளைப் பூவிதழின் அடியில் மஞ்சள்பச்சைப் புள்ளி இருந்தால் பக்காட்டம், பூ ஊதாவாக, விதை கறுப்பாக, இலையில் ரோமம் இருந்தால் ப்யூபசென்ஸ். மீதி மூன்றில்தான் உங்கள் செடி இருக்கும்.

காலையில் பூ விரிந்திருக்கும்போது மாடிக்குப் போய் ஒரு கிளையைத் திருப்பிப் பாருங்கள். பால் வெள்ளையில் பளிச்சென்று இதழ், ஒரு கணுவுக்கு ஒரே பூ, அப்படியிருந்தால் பெரும்பாலும் அன்னுவம். நாம் சந்தையில் வாங்கும் பச்சை மிளகாய், காய்ந்த மிளகாய் கிட்டத்தட்ட எல்லாமே இதுதான். இதழ் பச்சை கலந்த வெளுப்பாக, பூக்காம்பு நிமிர்ந்து நின்று, காயும் வானத்தைப் பார்த்து நின்றால் ஃப்ரூட்டசென்ஸ் என்று யோசிக்கலாம். கேரளக் கடைகளில் காந்தாரி என்றும், குடகு, மலைநாட்டுக்காரர்கள் ஜீரிகெ மெணசு என்றும் சொல்கிற குட்டி மிளகாய் இந்த வகை. பழுத்ததும் மெதுவாக இழுத்தால் காயின் தலையில் காம்போடு ஒட்டியிருக்கும் பச்சைத் தொப்பி செடியிலேயே நிற்க, பழம் மட்டும் கையோடு வரும். பறவைக்குக் காரம் உறைக்காது, புல்புல் வந்து சுலபமாகப் பறித்து விழுங்கிவிட்டு எங்கோ போய் விதையைப் போடும். கேபிள் கம்பிக்கு நேர் கீழேயோ மாடிக் கைப்பிடிச் சுவர் ஓரத்திலோ யாரும் விதைக்காமல் மிளகாய் முளைத்தால் அது காந்தாரியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் நிமிர்ந்த காய் என்பது மட்டும் போதாது, நர்சரியில் அழகுக்கு விற்கும், ஒரே செடியில் ஊதாவும் மஞ்சளும் சிவப்புமாகக் காய்க்கும் மிளகாய்கள் பலவும் அன்னுவம்தான், அவையும் நிமிர்ந்தே நிற்கும்.

உங்களுடையது தொங்குகிறது என்கிறீர்கள். அப்படியானால் எனக்குத் தோன்றுவது சைனென்ஸ். பெயரில்தான் சீனா, பூர்வீகம் தென்னமெரிக்கா. இதை உறுதி செய்ய ஒரு இடம் போதும். முற்றிய காய் ஒன்றை எடுத்து, காம்பு பச்சைத் தொப்பியில் போய்ச் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே நூல் கட்டி இறுக்கிய மாதிரி ஒரு வளையம், ஒரு சின்ன ஒடுக்கம், சுற்றி ஓடும். அன்னுவத்திலும் ஃப்ரூட்டசென்ஸிலும் காம்பு அப்படியே வழுவழுவென்று தொப்பியாக விரிந்துவிடும், இந்த ஒடுக்கம் இருக்காது. கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால் கட்டைவிரல் நகத்தால் தடவிப் பார்த்தாலே தட்டுப்படும். கூடவே ஒரே கணுவிலிருந்து இரண்டு மூன்று காய் தொங்குகிறதா, இலை அகலமாக, நரம்புகளுக்கு நடுவே புடைத்துக்கொண்டு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இலை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இலைப்பேனும் சிலந்திப்பேனும் தாக்கினாலும் மிளகாய் இலை சுருங்கும், அதை ரகத்தின் குணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இலை விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன். சைனென்ஸின் இலை பிறவியிலேயே மேடு பள்ளமாக இருந்தாலும் விரிந்து, செழிப்பாக, புதுத் தளிர் விட்டுக்கொண்டே இருக்கும். சீக்கு வந்த செடியில் நுனிக்குருத்தே நின்றுபோகும்.

சரி, சைனென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் எந்த ரகம்? எங்கள் மாடியில் நாகா மிளகாய் இருக்கிறது, எங்களுக்கு மேல்மாடியில் குடியிருந்த நாகாலாந்துப் பெண் ஒருத்தி கொடுத்த பழத்தின் விதையில் வந்தது, அதனால் அதைப் பற்றி நன்றாகவே சொல்ல முடியும். பூத் ஜொலோக்கியா என்பதும் இதே கூட்டம்தான், 2007-ல் உலகிலேயே காரமான மிளகாய் என்று கின்னஸில் ஏறியது, காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகில் பத்து லட்சத்தைத் தாண்டியது. நாகா மிர்ச்சா என்ற பெயரில் நாகாலாந்துக்கு 2008-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இதன் தோல் சொரசொரவென்று சின்னச் சின்னப் புடைப்போடு இருக்கும், அடி அகலமாகத் தொடங்கி நுனி கூராக முடியும், சதை மெலிசு. நறுக்கினால் உள்ளே வெள்ளை நரம்பின் மேல் மஞ்சளாக எண்ணெய்த் துளி மின்னுவது தெரியும். நறுக்கிய அந்த நொடியில் வருகிற வாசனை பழ வாசனை, நம் பச்சை மிளகாயின் பச்சை வாடை அதில் கிடையாது. ஹாபனேரோ இதைவிடக் குட்டை, தோல் வழவழப்பு, வயிறு உப்பி இருக்கும். சிக்கிமின் டல்லே குர்சானி கோலிக்குண்டு அளவில் உருண்டை, உங்கள் வர்ணனைக்கு அது பொருந்தாது.

வீட்டில் ஒரு விஷயம் கேட்டுப் பாருங்கள்: கொஞ்ச காலம் முன்னால் வடகிழக்குக் கடையிலோ, ஏதாவது பெரிய சூப்பர் மார்க்கெட்டிலோ வித்தியாசமான மிளகாய் வாங்கினீர்களா, யாராவது ஊறுகாய்க்கென்று கொண்டுவந்து கொடுத்தார்களா? உரத்தொட்டிக்குள் விதை போன வழி தெரிந்தால் ரகத்தின் பெயர் பாதி தெரிந்த மாதிரிதான். வழி தெரியவில்லை என்றால் பெயரை அடித்துச் சொல்லாமல் இருப்பதே நேர்மை என்பது என் கருத்து, ஏனென்றால் தானாக முளைத்த செடி எந்த ரகமாகவும் இல்லாமலே போகலாம். மிளகாய் தன் மகரந்தத்திலேயே காய்க்கக்கூடியது, ஆனாலும் தேனீக்கள் செடிக்குச் செடி கலந்துவிடும். கடையில் வாங்கிய காய் ஹைபிரிட் என்றால் அதன் விதையில் வரும் செடிகள் ஆளுக்கொரு மாதிரி இருக்கும். இனத்தைத்தான் செடியைப் பார்த்துச் சொல்ல முடியும், ரகத்துக்கு வம்சாவளி வேண்டும்.

இதோடு சேர்த்து, குடைமிளகாய்க்குப் பக்கத்தில் தொட்டி வைத்ததால் காய் மாறிவிட்டதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. காயின் சதையும், காரம் சுரக்கிற உள் நரம்பும் தாய்ச் செடியின் உடம்பு. எந்த மகரந்தம் விழுந்தாலும் இந்தக் காயின் உருவமும் காரமும் மாறாது, உள்ளே இருக்கும் விதைதான் கலப்பு, அதை விதைத்து வளர்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அதனால் இந்தச் செடி பிடித்துப்போய் அடுத்த தலைமுறையும் இதே மாதிரி வேண்டுமென்றால், விரியாத மொட்டாகப் பார்த்து மெல்லிய துணிப்பை கட்டி, தினமும் லேசாகத் தட்டிவிட்டு, பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துக் காம்பில் ஒரு வண்ண நூல் கட்டிவிடுங்கள். அந்தக் காயின் விதையை மட்டும் எடுங்கள். சைனென்ஸ் விதை முளைக்கக் கொஞ்சம் அதிக நாள் எடுக்கும், இரண்டு வாரம் ஆகியும் ஒன்றும் தெரியவில்லை என்று தொட்டியைக் கொட்டிவிட வேண்டாம்.

காரத்தை வைத்து ரகம் சொல்வதை நான் நம்புவதில்லை. ஒரே செடியிலேயே காய்க்குக் காய் மாறும், தண்ணீர் குறைவாக விட்டு வெயிலில் வாடினால் பொதுவாக ஏறும். இருந்தாலும் ருசி பார்த்துத்தான் ஆகவேண்டும் என்றால் கையுறை போட்டுக்கொண்டு, நுனியிலிருந்து கடுகளவு சீவி நாக்கில் வையுங்கள், காரம் அடர்த்தியாக இருப்பது காம்புப் பக்கத்து வெள்ளை நரம்பில். பக்கத்தில் தயிர் இருக்கட்டும், தண்ணீர் உதவாது. கையில் பட்டுவிட்டால் முதலில் சமையல் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்பு போடுங்கள், கண்ணுக்கு லென்ஸ் போடுகிறவர்கள் அன்றைக்கு இந்த வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிடலாம். சாம்பாருக்கு நாங்கள் செய்வது, காயை நறுக்காமல் காம்போடு முழுசாகப் போட்டு, கொதி வந்ததும் கரண்டியால் எடுத்துவிடுவது. காரம் அளவாக இறங்கும், அந்தப் பழ வாசனை முழுசாகக் கிடைக்கும். உடைந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நேரில் காட்ட வேண்டுமென்றால் ஹேசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அர்கா என்று தொடங்கும் மிளகாய் ரகங்கள் அங்கே வந்தவை. நவம்பர் வாக்கில் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் நடக்கும் கிருஷி மேளா என்ற விவசாயக் கண்காட்சியிலும் விவரம் தெரிந்தவர்கள் கிடைப்பார்கள். எங்கே போனாலும் தனிக் காயைக் கொண்டுபோகாதீர்கள், பூவும் பிஞ்சும் பழமும் சேர்ந்த ஒரு சின்னக் கிளையாக ஒடித்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள்.

இங்கே படம் போட்டுக் கேட்பதானால் விரிந்த பூவை நேராக ஒரு படம், ஒரு கணுவில் எத்தனை காய் என்று தெரிகிற மாதிரி ஒன்று, காம்பும் தொப்பியும் சேரும் இடம் மிக அருகில் ஒன்று, நீளவாக்கில் பிளந்த பழம் ஒன்று. காம்புப் படம்தான் முக்கியம், அது மங்கலாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நிழலில் வைத்து எடுத்தால் வளையம் நன்றாகத் தெரியும்.